கழுத்தை எப்போது திறப்பது?

தொடர் – 11

நாக்கின் ஓரத்தில் ஒரு புண். விளிம்பு தடித்து, வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்த புண். பயாப்ஸியில் புற்று என்று வந்துவிட்டது. அளவு சிறியதுதான், வெட்டி எடுத்துவிடலாம். அதில் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் கழுத்தில். தடவிப் பார்த்தால் நெறி கட்டியிருக்கவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கழுத்தையும் இப்போதே திறந்து நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிடுவதா? அல்லது நெறி கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதா?

சுமார் அரை நூற்றாண்டு அறுவை மருத்துவர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். வாய்ப்புற்று முதலில் பரவுவது கழுத்து முடிச்சுகளுக்குத்தான். வெளியே ஒன்றுமே தெரியாத கழுத்துகளிலும் நூற்றுக்கு இருபது, முப்பதில் நோய் நுண்ணளவில் போய் உட்கார்ந்திருக்கும். “அப்படியானால் மீதி எழுபது பேரின் கழுத்தை வீணாகத் திறப்பானேன்?” என்றது ஒரு கட்சி. நியாயமான கேள்விதான். தோள்தசையை இயக்கும் நரம்பு அந்த முடிச்சுகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது. அதில் காயம் பட்டால் தோள் சரியும், தலைவார, பரணில் இருந்து பாத்திரம் எடுக்கக் கை உயராது. “நெறி கட்டும்வரை காத்திருந்தால் முடிச்சின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருக்கும். அப்போது செய்கிற ஆபரேஷன் பெரிது, பலன் சிறிது” என்றது மறு கட்சி. இதுவும் நியாயம்தான்.

இரண்டையும் மோதவிட்டுப் பார்த்த ஆய்வுகள் இல்லாமல் இல்லை. 1980இல் பிரான்ஸ், 1989இல் மும்பை, 1994இல் பிரேசில். ஒன்றிலும் நூறு நோயாளிகள்கூட இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்து எந்தக் கட்சியையும் வாயடைக்க முடியாது.

பெரிய ஆய்வு ஏன் நடக்கவில்லை? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. மேலைநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு இப்படிப்பட்ட ஆரம்பநிலை வாய்ப்புற்று நோயாளிகள் அதிகம் வருவதில்லை. இன்னொன்று பணம். புது மருந்து என்றால் கம்பெனி செலவழிக்கும். கத்தியை இன்று வைப்பதா, ஆறு மாதம் கழித்து வைப்பதா என்ற கேள்விக்கு யார் காப்புரிமை வாங்க முடியும்?

நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் ஒன்று இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. புகையிலையும் பாக்கும் குட்காவும் சேர்ந்து, இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றை முன்வரிசையில் நிறுத்தியிருக்கின்றன. (புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பாளத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.) மும்பை பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனையில் அனில் டிக்ரூஸும் குழுவினரும் அதே 2004இல் ஆய்வைத் தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் நோயாளிகள் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு வாயோடு சேர்த்துக் கழுத்திலும் அறுவை. மறு பிரிவுக்கு வாயில் மட்டும்; கழுத்தில் நோய் தலைகாட்டினால் அப்போது அறுவை.

710 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். பத்தாண்டு கழிந்து 596 பேர் சேர்ந்திருந்தபோது, முதல் 500 பேரின் கணக்கைப் பார்த்ததும் ஆய்வை அத்துடன் நிறுத்த வேண்டியதாயிற்று. வித்தியாசம் அவ்வளவு தெளிவு. மூன்றாண்டு முடிவில், கழுத்தையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69.5க்கு எதிராக 45.9 சதவீதம். எட்டுப் பேருக்கு முன்கூட்டியே கழுத்து அறுவை செய்தால் ஒரு சாவைத் தடுக்கலாம் என்று கணக்கு வந்தது. அறுவையின் பாதகங்களும் கூடத்தான் செய்தன: 3.6 சதவீதம் 6.6 ஆனது. உயிரோடு வைத்துப் பார்த்தால் இது தாங்கக்கூடிய விலை. 2015இல் சிகாகோவில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டின் முதன்மை அரங்கில் இதை டிக்ரூஸ் வாசித்தார். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழும் வெளியிட்டது.

இந்த முடிவைப் பயன்படுத்தப் புது இயந்திரம் வேண்டாம், இறக்குமதி மருந்து வேண்டாம். பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தால் போதும். புற்றுநோயில் ‘முன்னேற்றம்’ என்று நாம் படிக்கும் செய்திகளில் இந்த வகை அபூர்வம்.

வீணாகத் திறக்கப்படும் அந்த எழுபது கழுத்துகளின் கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கும் வழி பிறந்துகொண்டிருக்கிறது. கட்டியைச் சுற்றிச் சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தினால், அது நிணநீரோடு போய் முதலில் தங்கும் முடிச்சு எது என்று தெரியும். அதை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் இருந்தால் மட்டும் முழுக் கழுத்தையும் திறப்பது. பிரான்ஸில் 2020இலும் ஜப்பானில் 2021இலும் வெளிவந்த ஆய்வுகள், இந்தச் சிறிய வழியில் போனவர்களும் உயிர்பிழைப்பில் பின்தங்கவில்லை என்று காட்டின.

கத்தியால் ஆகாத நிலையை நோய் எட்டிவிட்டால்? கரண்ட் வைத்து, கீமோ கொடுத்து, எல்லாம் முடிந்தபின் நோய் திரும்பி வந்தால்? 2016இல் நிவோலுமாப் என்ற மருந்து இந்த நிலையில் இருந்தவர்களின் ஆயுளை நீட்டிக் காட்டியது. நோயை எதிர்க்கும் டி செல்களின் மேல் பி.டி.-1 என்றொரு பிரேக் உண்டு. புற்றுச் செல் அதை அழுத்தித்தான் தப்பிக்கிறது. அந்த இடத்தை மருந்து முந்திக்கொண்டு அடைத்துவிடும். ஆனால் விலை? நம்மைப் போன்ற நாடுகளில் முழு அளவு மருந்து வாங்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரிலிருந்து மூன்று பேர்வரைதான்.

டாடா மெமோரியலின் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழு அடுத்த கேள்வியை எடுத்தது: எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும்? கேட்பதற்கு ஆதாரம் இருந்தது. மனிதர்களுக்கு இம்மருந்தை முதன்முதலில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் 10 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் ரத்தத்தில் பி.டி.-1 அடைபட்ட விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பூட்டில் சாவி நுழைந்தபின் கையில் இன்னும் பத்துச் சாவி இருந்தென்ன? அறுபது கிலோ ஆளுக்கு 0.3 என்றால் 18 மில்லிகிராம். பாட்டீல் குழு கொடுத்தது 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240. ஆறு வாரக் கணக்கில் பார்த்தால் பதினெட்டில் ஒரு பங்கு.

கூடவே வீட்டில் விழுங்கும் மூன்று மாத்திரைகள்: மெத்தோட்ரெக்சேட், எர்லோடினிப், மூட்டுவலிக்கு எழுதிக்கொடுக்கிற அதே செலிகாக்ஸிப். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதம், சிறு அளவு நிவோலுமாப் சேர்ந்தபோது 43.4 சதவீதம். 2022இல் இது வெளிவந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 151 பேர்.

இதை அளவுக்கு மீறிக் கொண்டாடவும் கூடாது. சிறு அளவை நிவோலுமாப் இல்லாத வெறும் மாத்திரைகளோடுதான் ஒப்பிட்டார்கள், முழு அளவோடு அல்ல. ‘இரண்டும் சமம்’ என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. முழு அளவு எட்டாதவருக்கு, மாத்திரை மட்டும் எடுப்பதைவிட இது வெகுவாக மேல் என்றுதான் சொல்கிறது.

இதற்கிடையில் கேள்வி இன்னொரு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. 714 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வொன்றில், முற்றிய ஆனால் வெட்டி எடுக்கக்கூடிய நோய்க்கு, ஆபரேஷனுக்கு முன்பே பெம்ப்ரோலிசுமாப் என்ற இதே குடும்பத்து மருந்தைத் தொடங்கினார்கள். நோய் தலையெடுக்காத இடைநிலைக் காலம் 30 மாதத்திலிருந்து ஏறக்குறைய 52 மாதமாக உயர்ந்தது. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது. ஆபரேஷனுக்கு முன் இரண்டு முறை, பின் பதினைந்து முறை என மொத்தம் பதினேழு ஊசி. பதினேழும் வேண்டுமா, முதல் இரண்டே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறதா? மருந்தை விற்பவர்கள் இதைக் கேட்கப்போவதில்லை. பரேல் போன்ற இடங்கள்தான் கேட்க வேண்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஹாங்காங்கில் இருபதாயிரம் ஆண்களின் ரத்தத்தில் ஒரு வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடிய கதை.