கடலட்டைக் குஞ்சுக்குள் ஓர் ஆய்வுகூடம்

யாழ்ப்பாணத்தின் வேலணை, புங்குடுதீவுக் கரையோரங்களில் ஆழமில்லாத தண்ணீரில் கம்பு நட்டு வலை கட்டிய அடைப்புகளைக் காணலாம். அவை கடலட்டைப் பண்ணைகள். உள்ளே வளர்வது வெள்ளை அட்டை. பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். பொழுதுபட்டால் வெளியே வந்து மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களைச் செரித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளும். தீனி போடவே தேவையில்லை. பண்ணைக்காரர் காசு கொடுத்து வாங்குவது குஞ்சை. அந்தக் குஞ்சோடு பல வருட ஆராய்ச்சியும் சேர்ந்தே வருகிறது.

அட்டையை முட்டையிட வைப்பதே ஒரு வித்தை. பொரிப்பகத்தில், அதாவது செயற்கையாகக் குஞ்சு எடுக்கும் நிலையத்தில், தொட்டி நீரின் வெப்பத்தை 3 முதல் 5 பாகை செல்சியஸ் வரை கூட்டுவார்கள். முதலில் ஆண் அட்டை தலையை நிமிர்த்தி, மெல்ல ஆடியபடி விந்தை விடும். அது நீரில் கலந்ததும் பெண் அட்டைகள் இலட்சக்கணக்கில் முட்டைகளைப் பீய்ச்சும்.

வெள்ளை அட்டைக் குஞ்சை உலகில் முதன்முதலாக இப்படி எடுத்த ஊர் நமக்குத் தூரமில்லை. தூத்துக்குடியில் 1988இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.பி. ஜேம்ஸும் குழுவினரும் அதைச் சாதித்தார்கள். இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிக்கத் தடை. ஆனால் அந்த வித்தை பல நாடுகளில் தொழிலாகிவிட்டது.

பொரித்த குடம்பி, அதாவது உருமாறாத இளம் உயிர், ஏறத்தாழ இரண்டு வாரம் நீந்தித் திரியும். பிறகு அடியில் குடியேற இடம் தேடும். வெறும் தகடு அதற்குப் பிடிக்காது. ஆகவே நுண்பாசி படிந்த தகடுகளைத் தொட்டியில் இறக்கி அதை ஏமாற்றுகிறார்கள்!

வளர்ந்த குஞ்சைக் கடலில் விட்ட பிறகும் கணக்கு முடிவதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அது இரண்டு மேசைக்கரண்டி அளவு. கார்த்திகை மாரியில் மழைநீர் களப்புக்குள் இறங்கினால் உப்பு சடுதியாகக் குறையும், அட்டை தாங்காது. குஞ்சுகளை நெருக்கி விட்டாலும் பயனில்லை: மணலில் உள்ள உணவு எவ்வளவோ, மொத்த எடையும் அவ்வளவுதான் ஏறும்.

இலங்கையில் இத்தகைய ஆய்வுக்கு நாரா, பண்ணை அனுமதிக்கும் ஆலோசனைக்கும் நக்டா என இரு அரச நிறுவனங்கள் உள்ளன. உப்பு, மணல், நீரோட்டம் எல்லாம் அளந்த பிறகு ஆய்வாளர் சொல்லக்கூடிய மிகப் பெறுமதியான பதில் சில வேளை, “இந்த இடம் வேண்டாம்” என்பதுதான். அதைக் கேட்டால் பண்ணைக்காரரின் முதலும் தப்பும், பக்கத்தில் சிறகுவலை கட்டி மீன் பிடிப்பவரின் பாடும் தப்பும்.