வெள்ளை நாய்க்குக் காது கேட்கிறதா?

புத்தூர்ப் பக்கம் தனி வீட்டுக்குக் குடிபோய்விட்டீர்கள். காவலுக்கு ராஜபாளையம் குட்டிதான் வேண்டும், அதுவும் பாலாய் வெளுத்திருக்க வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். வாஸ்தவம், அழகான பிராணிதான். 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த நம் ஊர் ஜாதி அல்லவா!

ஆனால் அந்த வெளுப்பில்தான் ஒரு வினை இருக்கிறது. ரோமத்துக்கு நிறம் தருகிற அணுக்கள் காதின் உட்புறத்திலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே குட்டி செவிடாகிவிடும். வெள்ளைக்கு வெள்ளை என்றே இணை சேர்ப்பவர்கள் இந்தக் குறையையும் சேர்த்து வளர்க்கிறார்கள். புத்தூர் நாலு ரோட்டில் பஸ் ஹாரன் கேட்காத நாயை எப்படி ஐயா நடத்திக்கொண்டு போவது?

ஆகையால் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தட்ட வேண்டாம். தரை அதிர்ந்தால் செவிட்டுக் குட்டியும் திரும்பும்! ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. அதற்குக் கருவி வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

தாயையும் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, பெட்டை நாய்க்கு ஒன்றரை வயதுக்கு முன் இணை சேர்க்கக்கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்று 2017-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் சொல்கின்றன. பிரசவத்தின் சிரமம் உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

செவிட்டுக் குட்டியே வந்து வாய்த்துவிட்டதா? தெருவில் விட்டுவிடாதீர்கள். கைச்சாடையை நன்றாகவே கற்றுக்கொள்ளும். இணை மட்டும் சேர்க்க வேண்டாம்.