முதனூலும் வழிப்படமும்: விஞ்ஞானப் புனைகதைகள் திரைக்கு வரும்போது



புகழ்பெற்ற நாவல் ஒன்று திரைப்படமாகும்போதெல்லாம், "படம் நூலைப் போல இருக்கின்றதா?" என்ற வினா தவறாது எழுகின்றது. நூலைப் படித்தவர்கள் விடுபட்ட நிகழ்ச்சிகளை எண்ணி மனக்குறைப்படுவார்கள். படத்தை எடுத்தவர்களோ, "எழுத்து வேறு, திரை வேறு, இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?" என்று கேட்பார்கள். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அப்படியானால், மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்பது எதற்கு உண்மையாயிருத்தல்? விஞ்ஞானப் புனைகதைகளை வைத்து இதனை இன்று ஆராய்வோம்.

விஞ்ஞானப் புனைகதையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குடும்பக் கதை ஒன்றின் உயிர் பெரும்பாலும் பாத்திரங்களிலும் அவர்களுக்கிடையே நிகழ்வனவற்றிலும் தங்கியிருக்கும். விஞ்ஞானப் புனைகதையோ, "இப்படி ஒன்று நேர்ந்தால் மனிதன் என்ன ஆவான்?" என்ற வினாவிலிருந்து முளைப்பது. அந்த வினாவைக் கேட்பதற்காகவே விண்கலமும் வேற்றுக் கிரகவாசியும் கதைக்குள் வருகின்றன. விண்கலத்தைத் திரையில் காட்டுவது இலகு; வினாவைக் காட்டுவது கடினம். எனவே, விண்கலம் மட்டும் திரைக்கு வந்து, வினா புத்தகத்திலேயே தங்கிவிடும் ஆபத்து இவ்வகைக் கதைகளுக்கு அதிகம்.

இதனை அளந்தறிய நம்மிடமே ஓர் அளவுகோல் உண்டு. வழிநூலுக்கு இலக்கணம் கூறவந்த பவணந்தி முனிவர், அது முன்னோர் நூலின் முடிபோடு முற்றாக ஒத்திருத்தல் வேண்டும் என்று நன்னூலிலே கூறுகின்றார். பின்னே எழுதுபவன் தான் விரும்பும் வேறுபாடுகளைச் செய்வதற்கும் அதே சூத்திரத்தில் இடந் தருகின்றார். முடிபு என்பது இங்கே கதையின் கடைசிச் சம்பவம் அன்று. நூல் நிலைநாட்ட வந்த கருத்து. திரைப்படத்தை ஒருவகை வழிநூலாகக் கொண்டால், நமது வினா தெளிவாகிவிடும். எதை மாற்றினார்கள் என்று பட்டியலிடுவதை விட, முடிபைக் காத்தார்களா என்று கேட்பதே பொருத்தம்.

முதலில் மேரி ஷெலி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை நோக்குவோம். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் உயிரற்ற உறுப்புகளைப் பொருத்தி ஓர் உயிரைப் படைக்கின்றான். அது கண் விழித்ததும் அதன் தோற்றத்தைக் கண்டு அஞ்சி, அதைக் கைவிட்டு ஓடிவிடுகின்றான். கைவிடப்பட்ட அந்த உயிர் ஒரு குடும்பத்தை மறைந்திருந்து கவனித்துப் பேசக் கற்கின்றது. வாசிக்கவும் கற்று, மில்டனின் காவியத்தையும் புளூட்டாக்கின் வரலாறுகளையும் படிக்கின்றது. அன்பை நாடி மனிதரை அணுகுகின்றது; அவர்கள் அடித்து விரட்டுகின்றனர். அதன் பின்னரே அது கொலைகாரனாகின்றது. படைத்தவன் தன் படைப்புக்குக் கடமைப்பட்டவன், புறக்கணிப்பே நல்லுயிரைத் தீயதாக்குகின்றது என்பதுதான் நாவலின் முடிபு.

1931இல் ஜேம்ஸ் வேல் நெறியாள்கை செய்து, பொரிஸ் கார்லோவ் நடித்த படமே உலகின் நினைவில் நிலைத்தது. அதிலே படைக்கப்பட்ட உயிருக்குப் பேச்சில்லை. நூலில் இல்லாத கூனல் உதவியாளன் ஒருவன் வருகின்றான். ஆய்வுகூடத்துக்கு நல்ல மூளையை எடுக்கச் சென்றவன், அதைத் தவறவிட்டு, ஒரு குற்றவாளியின் மூளையைக் கொண்டுவந்து சேர்க்கின்றான். நாவலின் தலையில் விழுந்த அடி இதுதான். புறக்கணிப்பினால் விளைந்த தீமை, படத்திலே மூளையோடு கூடப் பிறந்த தீமையாகிவிடுகின்றது. கார்லோவின் கண்களில் தெரியும் பரிதவிப்பு நாவலின் வேதனையை ஓரளவு மீட்டுத் தருவது உண்மையே. ஆயினும் தன் வழக்கைத் தானே எடுத்துரைத்த ஓர் உயிரிடமிருந்து வாயைப் பறித்துவிட்டார்கள். 1935இல் வெளிவந்த தொடர்ச்சிப் படத்தில் அதே நெறியாளர், பார்வையற்ற துறவி ஒருவர் மூலம் அந்த உயிருக்குச் சில சொற்களைக் கற்பித்தார். இக்காட்சிக்கான வித்து நாவலிலேயே உண்டு. நூலாசிரியரின் பெயரைத் தலைப்பிலே தாங்கி 1994இல் கெனத் பிரனா எடுத்த படம், வடதுருவப் பனிக்கடலையும் பேசும் படைப்பையும் மீட்டுக்கொண்டு வந்தது. ஆனால் இறந்த மணமகளை விக்டர் மீண்டும் உயிர்ப்பிக்கும் காட்சியைத் தானாகவே சேர்த்துக்கொண்டது. தலைப்பில் ஆசிரியர் பெயர் இருப்பது முழு விசுவாசத்துக்குச் சான்றாகாது.

அடுத்து, எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் யுத்தம்'. செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தில் இறங்கி, மூன்று கால்களையுடைய பெரும் பொறிகளில் ஏறி நாட்டை நாசமாக்குகின்றனர். எவராலும் வெல்ல முடியாத அவர்களை இறுதியில் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் கொன்றுவிடுகின்றன. நூலின் தொடக்கத்திலேயே, தஸ்மேனியாவின் ஆதிக்குடிகளுக்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமையை வெல்ஸ் நினைவூட்டுகின்றார். பிறர் நாட்டில் நாம் செய்ததையே செவ்வாய்வாசிகள் நம் நாட்டில் செய்தால் முறையிட நமக்கு என்ன உரிமை என்று பேரரசின் குடிமக்களைக் கேட்கின்றார். குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நம்மைப் போன்ற நாட்டவருக்கு இந்த வினாவின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை.

இந்நூலின் முதற் பெரும் மறுவடிவம் வானொலியிலே பிறந்தது என்பது நேயர்களுக்கு உவப்பான செய்தி. 1938 ஒக்டோபர் 30ஆம் திகதி, அமெரிக்காவில் ஓர்சன் வெல்ஸ் இதனை நாடகமாக ஒலிபரப்பினார். தமிழில் பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும், இவர் நூலாசிரியரின் உறவினர் அல்லர். பிரதியை எழுதிய ஹவார்ட் கோச், இலண்டனை அண்டிய ஊர்களை நீக்கிவிட்டு, நியூ ஜேர்சியிலுள்ள குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரைக் களமாக்கினார். இசை நிகழ்ச்சியை இடைநிறுத்தி வரும் செய்தி அறிக்கைகளாகக் கதை நகர்ந்தது. கேட்டவர்களுள் சிலர் உண்மையென நம்பி அஞ்சினர். நாடே கலங்கி ஓடியது என்று அப்போதைய பத்திரிகைகள் எழுதியது மிகைப்பட்ட கூற்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெல்ஸ் தம் வாசகர்கள் நாள்தோறும் நடமாடிய ஊர்களின் பெயர்களையே நூலில் வைத்திருந்தார். "இது நமது தெருவில் நடக்கின்றது" என்ற நடுக்கம் அதனாலேயே உண்டாயிற்று. ஆகவே ஊர்ப்பெயரை மாற்றிய கோச் நூலாசிரியரின் முறையையே பின்பற்றினார் எனலாம். பெயரை அப்படியே வைத்திருந்தால் அமெரிக்க நேயருக்கு அது தூரதேசத்துக் கதையாகிப் போயிருக்கும்.

1953இல் ஜோர்ஜ் பால் தயாரித்து, பைரன் ஹஸ்கின் நெறியாள்கை செய்த படமும் களத்தைக் கலிபோர்னியாவுக்கு மாற்றியது. அதன் தந்திரக் காட்சிகளுக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. பற்றீரியாக்களால் வரும் முடிவையும் படம் அப்படியே வைத்திருந்தது. எனினும் குடியேற்ற ஆட்சி பற்றிய கண்டனம் மறைந்துவிட்டது. நூலில் அச்சத்தால் நிலைகுலையும் மதகுரு, படத்தில் சிலுவையை ஏந்தி எதிரியை நோக்கி நடக்கும் வீரராகின்றார். தேவாலயத்தில் மக்கள் பிரார்த்திக்கும் வேளையில் எதிரிகள் வீழ்கின்றனர். இறைவனின் பெயர் நூலின் முடிவிலும் வருவதுதான். ஆனால் நூல் மனிதனின் செருக்கை அடக்குகின்றது. படம் மனிதனுக்கு ஆறுதல் சொல்கின்றது. கடைசிச் சம்பவம் ஒன்றாக இருந்தும் முடிபு வேறாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஜோன் கம்பல் 1938இல் புனைபெயரில் வெளியிட்ட 'யார் அங்கே போவது?' என்ற நெடுங்கதையில், அந்தாட்டிக்காவில் தங்கியிருக்கும் ஆய்வாளர்கள் பனியில் உறைந்த வேற்றுக் கிரக உயிர் ஒன்றைக் கண்டெடுக்கின்றனர். அது எந்த உயிரின் வடிவத்தையும் எடுக்கவல்லது. பக்கத்தில் நிற்கும் தோழன் தோழன்தானா என்பதே கதை எழுப்பும் வினா. 1951இல் வந்த முதற்படம் களத்தை வடதுருவப் பகுதிக்கு மாற்றியது. உருமாறும் ஆற்றலையும் நீக்கி, எதிரியைத் தாவர இயல்புள்ள ஓர் அரக்கனாக்கியது. அரக்கனை எல்லோரும் கண்ணால் காணலாம். ஆகவே ஒருவர்மேல் ஒருவர் சந்தேகம் கொள்ளத் தேவையில்லை. கதையின் உயிர்நாடி அறுந்தது.

1982இல் ஜோன் காபென்ரர் 'த திங்' என்ற படத்தில் அந்தாட்டிக்காவுக்கும் உருமாற்றத்துக்கும் திரும்பினார். யார் மனிதன் என்றறிய இரத்தத்தைச் சோதிக்கும் நூலின் உச்சக் காட்சியையும் வைத்தார். ஆனால் முடிவை மாற்றினார். நூலில் மனிதர் வெல்கின்றனர். படத்தில் எரிந்துபோன முகாமின் முன்னே இருவர் மட்டும் ஒருவரையொருவர் நம்பமுடியாமல் குளிரில் அமர்ந்திருக்கின்றனர். சம்பவத்தால் இது மூலத்துக்கு மாறானது. கருத்தாலோ மூலத்தின் வினாவைக் கடைசிக் கணம் வரை தாங்கி நிற்பது. வெளிவந்தபோது விமர்சகர் பலர் இதனை நிராகரித்தனர். இன்று இது இத்துறையின் சிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

நிறைவாக, நம் மண்ணோடு தொடர்புள்ள ஓர் உதாரணம். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் இங்கேயே காலமானவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1948இல் எழுதிய 'காவலன்' என்ற சிறுகதையில், சந்திரனின் மலையொன்றில் வேற்றறிவினர் விட்டுச்சென்ற பொருள் ஒன்று கண்டெடுக்கப்படுகின்றது. மனிதன் அதனை உடைத்துவிடுகின்றான். மனிதன் பூமியைவிட்டு வெளியே வந்துவிட்டான் என்று அதனை வைத்தவர்களுக்கு அறிவிக்கும் மணி அது. இனிக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை என்பதோடு கதை முடிகின்றது. ஸ்டான்லி குப்ரிக்கும் கிளார்க்கும் சேர்ந்து இச்சிறு வித்திலிருந்தே 1968இல் வெளிவந்த '2001' படத்தை வளர்த்தனர். பிரமிட் வடிவப் பொருள் கரும்பலகையாயிற்று. குரங்கு மனிதரும் பேசும் கணினியும் புதிதாக வந்தனர். இருந்தும், தன்னிலும் மேலான அறிவின் முன்னே மனிதன் பணிவோடு காத்து நிற்கும் அந்த உணர்வு சிதையவில்லை. நம் இலக்கணகாரர் கூறும் விரித்தல் என்ற வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் திரையுலகில் கிடைப்பது அரிது.

இக்கதையின் தொடர்ச்சியில் ஒரு வேடிக்கையும் உண்டு. '2001' நாவலில் பயணம் சனிக்கிரகத்துக்கு; சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்ட முடியாமையால் படத்தில் அது வியாழனுக்கு. 1982இல் அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க் தம் பழைய நாவலை விட்டுப் படத்தின் வியாழனையே பின்பற்றினார். அந்நாவல் 1984இல் படமானது. கொழும்பிலிருந்த கிளார்க்கும் அமெரிக்காவிலிருந்த நெறியாளர் பீற்றர் ஹயம்ஸும் தொலைபேசி வழியே கணினிகளை இணைத்துக் கருத்துப் பரிமாறிக்கொண்டனர். அப்படியிருந்தும் அமெரிக்க, சோவியத் பகைமை படத்தில் ஓங்கி நின்றது. வேற்றறிவினர் விடுக்கும் புதிரான எச்சரிக்கையோடு சமாதான உபதேசமும் சேர்ந்தது. உபதேசம் நல்லதுதான். ஆனால் மனிதனால் விளங்கிக்கொள்ள முடியாத ஒரு குரல், பாடசாலை அதிபரின் குரலாக ஒலிக்கத் தொடங்கிவிட்டது. ஆசிரியர் அருகிலிருப்பது கூட முடிபைக் காக்கப் போதாது.

இவ்வளவையும் ஏன் ஆராய வேண்டும்? நூலைப் படித்தோர் சிலர். படத்தைப் பார்த்தோர் பலர். காலம் செல்லச் செல்ல, படம் சொன்னதே நூல் சொன்னதாகிவிடுகின்றது. பிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். இன்று உலகம் அதனைப் படைக்கப்பட்ட உயிரின் பெயராகவே வழங்குகின்றது. நாவலிலோ அந்த உயிருக்குப் பெயரே இல்லை. பெயரிடக்கூட எவரும் முன்வரவில்லை என்பது மேரி ஷெலி சொல்லாமற் சொன்ன துயரம். பெயரற்றவனுக்குக் கைவிட்டவனின் பெயரையே சூட்டியதன் மூலம் அத்துயரத்தையும் நாம் துடைத்தழித்துவிட்டோம்.

ஆகவே நேயர்களே, இத்தகைய படத்தைப் பார்த்து முடித்தபின், விடுபட்ட காட்சிகளை எண்ணுவதை விட்டு, நூல் கேட்ட வினாவைப் படமும் கேட்டதா என்று வினவிப் பாருங்கள். அதற்கு விடை காண நூலையும் படித்தேயாக வேண்டும். 'பிராங்கன்ஸ்டைன்' நூலகத்தில் கிடைத்தால், நடுப்பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே பல அத்தியாயங்களுக்கு அந்தப் பெயரற்ற உயிர் தானே பேசுகின்றது.