பொறிவண்டுக்கு ஏற்ற இரை எது?

அவரைக் கொடியின் நுனித் தளிரை உற்றுப் பாருங்கள். எள்ளைத் தூவியது போல் கறுப்பாக மொய்த்திருப்பவை அசுவினிகள். அவற்றினிடையே, பளபளக்கும் முதுகில் கரும்புள்ளிகளுடன் ஊர்வது பொறிவண்டு. அசுவினி சாற்றை உறிஞ்சிச் செடியை வாட்டுகிறது. பொறிவண்டு அசுவினியைத் தின்று செடியைக் காக்கிறது. இவ்வாறு ஓர் உயிரைக் கொண்டு பயிரின் பகையை அடக்குவதே உயிரியல் கட்டுப்பாடு.

அப்படியானால், எந்தப் பொறிவண்டை எந்தத் தோட்டத்தில் விட்டாலும் பலன் கிடைக்குமா?

வெற்றியும் தோல்வியும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1880-களில் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில்பூச்சி அழித்துவந்தது. இப்பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே சென்ற ஆல்பர்ட் கோபெலே, அதை உண்ணும் ரொடோலியா என்னும் பொறிவண்டைக் கண்டு அனுப்பினார். 1888 நவம்பர் முதல் வந்த முதல் தவணைகளில் இருந்தவை 129 வண்டுகளே. அவை பெருகி, 1889 முடிவதற்குள் செதில்பூச்சியை அடக்கிவிட்டன.

அதே ஆஸ்திரேலியாவிலிருந்து, 1898-ல் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு தென்னிந்தியாவுக்கு வந்தது. காப்பிச் செடியைத் தாக்கும் பச்சைச் செதில்பூச்சியை ஒழிப்பதே நோக்கம். ஆனால் வண்டு அப்பூச்சியை அடக்கவில்லை. மாறாக, வெண்ணிற மாவுப்பூச்சிகளைத் தின்று இம்மண்ணில் நிலைத்துவிட்டது! இன்று திராட்சை, கொய்யா, காப்பித் தோட்டங்களில் மாவுப்பூச்சியை அடக்க உதவுவது இவ்வண்டுதான்.

வண்டு நல்ல வண்டே. இரைதான் பொருந்தவில்லை.

தின்பது வேறு, தழைப்பது வேறு

செக் நாட்டு அறிஞர் இவோ ஹோடெக், பொறிவண்டின் இரைகளை இரு வகையாகப் பிரித்தார். புழு முழுதாக வளரவும், தாய் வண்டு முட்டையிடவும் உதவுவது இன்றியமையா இரை. உயிரை மட்டும் தாங்கிப் பிடிப்பது மாற்று இரை.

வேறுபாடு ஏன்? இரையின் உடலிலுள்ள புரதமும் கொழுப்பும் ஒரே அளவினவல்ல. சிலவற்றில் நஞ்சும் உண்டு. எருக்கிலும் அரளியிலும் வாழும் மஞ்சள் அசுவினி, அச்செடியின் நச்சுப் பொருள்களை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. லக்னோ பல்கலைக்கழகத்தில் ஓம்கார் குழுவினர், ஏழுபுள்ளிப் பொறிவண்டின் புழுக்களுக்கு ஆறு வகை அசுவினிகளைக் கொடுத்துப் பார்த்தனர். 2003-ல் முடிவு வெளியாயிற்று. கடுகு அசுவினியைத் தின்றவை விரைவில் வளர்ந்தன. எருக்கு அசுவினியைத் தின்றவை மிகவும் பின்தங்கின.

ஒரு வண்டின் விருந்து இன்னொன்றுக்கு நஞ்சாவதும் உண்டு. மெகௌரா என்னும் அசுவினியை ஏழுபுள்ளிப் பொறிவண்டின் புழு தின்று நன்றாக வளரும். இருபுள்ளிப் பொறிவண்டின் புழுவோ மடிந்துவிடும்.

புழுப் பருவத்து உணவு மிக முக்கியம். சிறகு முளைத்த வண்டு அதற்குமேல் வளர்வதில்லை. அரைகுறையாக வளர்ந்த புழு சிறிய வண்டாகும். சிறிய தாய் இடும் முட்டைகளும் குறைவு.

ஒரு சிறு கணக்கு

நல்ல இரை தின்ற தாய் ஒன்றுக்கு 20 பெண் வண்டுகள் மிஞ்சுவதாகக் கொள்வோம். மூன்றாம் தலைமுறையில் 20 × 20 × 20 = 8,000. தரம் குறைந்த இரையால் அது 10 ஆகக் குறைந்தால், 10 × 10 × 10 = 1,000 மட்டுமே! ஒரு தலைமுறையில் பாதியான எண்ணிக்கை, மூன்று தலைமுறையில் எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. கூட்டு வட்டிக் கணக்குப் போலத்தான் இதுவும். இதற்கிடையே அசுவினியோ நாள்தோறும் குட்டிகளை ஈன்றுகொண்டிருக்கும். அந்த ஓட்டத்தில் தோற்பது உழவரின் பயிர்.

நீங்களே செய்து பாருங்கள்

இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில் செங்குத்தாக நிற்கும் பொறிவண்டு முட்டைத் தொகுதி ஒன்றைத் தேடி எடுங்கள். பொரித்த புழுக்களைக் குப்பிக்கு ஒன்றாக விடுங்கள். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். குப்பியின் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். பாதிப் புழுக்களுக்கு அவரை அசுவினி, மீதிக்கு எருக்கு அசுவினி கொடுங்கள். எருக்கம் பால் கண்ணில் படாமல் கவனம் தேவை. எல்லாக் குப்பிகளையும் ஒரே நிழலில் வைத்து, இரையையும் தாராளமாக, ஒரே அளவில் கொடுங்கள். இரையின் வகை ஒன்றே மாறவேண்டும், மற்றவை மாறக்கூடாது. அதுவே சோதனையின் இலக்கணம்.

எந்தப் புழு எத்தனை நாளில் கூட்டுப்புழுவாயிற்று, எத்தனை பிழைத்தன என்று குறித்து வாருங்கள். உங்கள் ஊர்ப் பொறிவண்டுக்கு ஏற்ற இரை எது என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லும்.