இணையத்தில் ஒரு கடை – 7
திரும்பி வரும் பார்சல்

புதிதாக இணையக் கடை போடுகிறவர்கள் தினமும் இரவில் எண்ணிப் பார்ப்பது ஆர்டர்களைத்தான். இன்றைக்கு இருபது, நேற்றைக்குப் பதினாறு என்று. எண்ண வேண்டியது அதை அல்ல. வீட்டில் பணம் கொடுத்து வாங்கும் முறையில், வாடிக்கையாளர் பார்சலைக் கையில் வாங்கிப் பணத்தை நீட்டும் வரை அங்கே விற்பனை என்று எதுவும் நடக்கவில்லை. ஆர்டர் என்பது அதுவரை ஒரு விருப்பம் மட்டுமே.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலிருந்து சேலை விற்கும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை; உங்கள் எண்களை எழுதிப் போட்டுக்கொள்ளுங்கள். சேலையின் கொள்முதல் விலை 450 ரூபாய். இன்ஸ்டாகிராமில் போடும் விலை 749, கூரியர் இலவசம். கவர், டேப், பில் எல்லாம் சேர்த்து 15. கூரியருக்கு 70. ஓர் ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 80. வாசலில் பணம் வசூலித்துத் தரக் கூரியர் நிறுவனம் எடுத்துக்கொள்வது 30. போக மிச்சம் 104 ரூபாய். வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். நூறு ஆர்டருக்கு 10,400 ரூபாய் லாபம் என்று மனசு சொல்லும்.

இப்போது அந்த நூறில் முப்பது திரும்பி வருகிறது. இது பயமுறுத்தச் சொல்லும் எண் அல்ல. வாசலில் பணம் வாங்கும் துணி வியாபாரத்தில் சாதாரணமாகப் பேசப்படும் அளவுதான். திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் கவர் 15, போன கூரியர் 70, திரும்பிய கூரியர் 60, விளம்பரம் 80, ஆகமொத்தம் 225 ரூபாய் கையை விட்டுப் போகிறது. முப்பதுக்கு 6,750. விற்ற எழுபதில் கிடைத்தது 7,280. நூறு சேலையை மடித்து, கட்டி, அனுப்பி, போனில் பேசி, கடைசியில் நிற்பது 530 ரூபாய். வந்த முப்பதில் இரண்டு சேலை கறையோடு வந்தால் அதுவும் இல்லை, கைக்காசு போகும்.

அதே நூறில் திரும்பி வருவது இருபதாகக் குறைந்தால்? லாபம் 3,820. பதினைந்தானால் 5,465. விலையைக் கூட்டவில்லை, ஓர் ஆர்டர்கூடக் கூடுதலாகப் பிடிக்கவில்லை. லாபம் பத்து மடங்காகிவிட்டது. இணையக் கடையில் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான்.

அப்படியானால் வாசலில் பணம் வாங்குவதையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தினால் வாடிக்கையாளரும் நின்றுவிடுவார். 2007-ல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-ல் இந்த முறையைக் கொண்டுவந்த பிறகுதான் கிரெடிட் கார்டு இல்லாத கோடிக்கணக்கான வீடுகளின் கதவு இணைய வியாபாரத்துக்குத் திறந்தது. கார்டு வைத்திருந்தவர்களும், முகம் தெரியாத கடைக்குக் கார்டு எண்ணைக் கொடுக்கத் தயங்கிய காலம் அது. பொருளைப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதில் தவறே இல்லை. ஏமாந்தவர்கள் நிறைந்த சந்தையில் அதுதான் புத்திசாலித்தனம். சீனாவின் இணையச் சந்தையான டாவ்பாவ் இதே சிக்கலை 2003-ல் வேறு விதமாகத் தீர்த்தது: வாங்குபவர் பணத்தை அலிபே என்ற பணச் சேவையிடம் கட்டிவிடுவார், பொருள் கைக்கு வந்து சரி என்று சொன்ன பிறகுதான் அது விற்பவருக்குப் போகும். வழி வேறு, தீர்க்கப் பார்த்த பயம் ஒன்றுதான்.

அந்தப் பயத்தைப் பெரிய முதலீட்டால் தாண்டிவிடலாம் என்று நினைத்த கம்பெனிக்கு ஆப்பிரிக்காவின் இணையக் கடையான ஜுமியா உதாரணம். 2012-ல் நைஜீரியாவின் லாகோஸில் தொடங்கி, 2019 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. அந்த ஆண்டு முடிவதற்குள் கேமரூன், தான்சானியா, ருவாண்டா மூன்றிலும் கடையை மூடியது. 2022 நவம்பரில் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் டுஃபே விளம்பரச் செலவை வெட்டினார், 2023 கடைசியில் உணவு விநியோகத்தை நிறுத்தினார், வீட்டு வாசலுக்குப் போவதைவிட வாடிக்கையாளர் பக்கத்தில் உள்ள மையத்துக்கு வந்து பார்சலை வாங்கிப் போவதை ஊக்குவித்தார். நட்டம் குறைந்தது. ஆனாலும் 2024 வரை ஒரு முழு ஆண்டுகூட லாபத்தில் முடியவில்லை. ஒவ்வொரு பார்சலிலும் விழும் ஓட்டையை முதலீட்டாளரின் பணத்தால் அடைக்க முடியாது. நம்மைப் போன்ற சிறு கடைக்காரருக்கு அந்தப் பணமும் கிடையாது.

வாசலில் பணம் வாங்குவது நம் ஊருக்குப் புதிய சிக்கலும் அல்ல. தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877-லேயே வந்துவிட்டது. தமிழ்ப் பதிப்பாளர்களும் மருந்துக் கடைக்காரர்களும் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, கிராமம் கிராமமாகச் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்தது அதை நம்பித்தான். 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில் இதற்கென ஒரு நிபந்தனை இருந்தது: தனக்கு வந்த மெய்யான ஆர்டரின் பேரில்தான் இதை அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவர் உறுதி கூற வேண்டும். கேட்காதவர் தலையில் சரக்கைக் கட்டுவதைத் தடுக்க வந்த விதி. 2024 ஜூனில் புதிய அஞ்சல் சட்டம் நடப்புக்கு வந்து அந்தப் பழைய சட்டம் போய்விட்டது. நிபந்தனையை மட்டும் ஒவ்வொரு இணையக் கடைக்காரரும் தனக்குத் தானே விதித்துக்கொள்ளலாம். ஆர்டர் மெய்யானதா என்று தெரியாமல் பார்சலைக் கட்டாதீர்கள்.

தெரிந்துகொள்ள ஒரே நல்ல வழி போன். ஆர்டர் வந்த சில மணி நேரத்துக்குள், அந்த ஆசை ஆறுவதற்குள் கூப்பிட வேண்டும்.

"அக்கா, இளம்பிள்ளை சேலைக் கடையிலிருந்து பேசறோம். மாம்பழ மஞ்சள்ல மெரூன் பார்டர் போட்டது ஆர்டர் பண்ணியிருக்கீங்க. போட்டோவைவிட நேர்ல மஞ்சள் கொஞ்சம் அடர்த்தியா இருக்கும், பரவாயில்லையா? வியாழக்கிழமை வந்துடும், வீட்ல ஆள் இருப்பீங்களா?"

"வியாழக்கிழமை ஊருக்குப் போறேம்மா. சனிக்கிழமை வர்ற மாதிரி அனுப்பு. கலர் பரவால்ல."

ஒரு நிமிடப் பேச்சு. இதில் மூன்று காரியம் முடிந்துவிட்டது. வாங்குபவர் நிஜமான ஆள். நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கப் போவதில்லை. பூட்டிய வீட்டுக்குப் பார்சல் போகப் போவதில்லை. போனை எடுக்காதவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, மறுநாள் இன்னொரு அழைப்பு. அதற்கும் பதில் இல்லை என்றால் அனுப்ப வேண்டாம். ஓர் ஆர்டர் போகட்டும், கவரும் இரு வழிக் கூரியரும் சேர்ந்து 145 ரூபாய் மிச்சம்.

முகவரியையும் அந்த அழைப்பிலேயே சரிபாருங்கள். ஆறு இலக்க பின்கோடு 1972 முதல் இருக்கிறது, ஆனால் அது தபால் நிலையம் வரைதான் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் பிள்ளையார் கோயில் பக்கத்துச் சந்து, பச்சை கேட் வீடு என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதைப் பார்சலின் மேலேயே எழுதுங்கள். 'வீட்டில் ஆள் இல்லை' என்று கூரியரின் பதிவில் வந்தால் அதை அப்படியே நம்பாமல் அன்று மாலையே வாடிக்கையாளரைக் கேளுங்கள். பல நேரம் அவர் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்திருப்பார். யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

பணத்தை முன்பே வாங்குவதற்கும் இப்போது வழி எளிதாகிவிட்டது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு பூக்காரம்மாவிடமும் கியூஆர் அட்டை இருக்கிறது. முழுப் பணத்தையும் முன்பே கட்டுகிறவருக்கு 30 ரூபாய் தள்ளுபடி கொடுங்கள். கூரியருக்குப் போகும் வசூல் கட்டணம்தான் அது, உங்களுக்கு நட்டமில்லை. முழுப் பணம் தரத் தயங்குகிறவரிடம் 100 ரூபாய் மட்டும் முன்பணமாகக் கேளுங்கள். நூறு ரூபாய் கட்டியவர் வாசலில் பார்சலை வேண்டாம் என்று சொல்வது அரிது. வாசலில் வசூலாகும் பணம் உங்கள் கணக்குக்கு வர ஒரு வாரம், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அந்த நாட்களில் அடுத்த சரக்கு வாங்கக் கையில் காசு வேண்டும். நல்ல விற்பனை இருந்தும் மூச்சுத் திணறிய கடைகள் பலவற்றுக்கு நோய் இதுதான்.

பேக்கிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்ப்பார், எது அதிகமோ அதற்குத்தான் காசு. 450 கிராம் சேலையை 30, 25, 10 அளவுள்ள அழகான அட்டைப் பெட்டியில் வைத்தால் ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதையே மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் தட்டையாகக் கவரில் போட்டால் அரைக் கிலோ கட்டணத்தில் முடிந்துவிடும். திரும்பி வரும்போதும் இதே கணக்குதான் என்பதால் பெட்டி ஆசை இரண்டு முறை அடிக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக அனுப்பிய நூறு ஆர்டரை ஒரு நோட்டில் எழுதி, திரும்பி வந்தவற்றின் பக்கத்தில் ஊர், பின்கோடு, காரணம் மூன்றையும் குறியுங்கள். ஒரே ஊரும் ஒரே காரணமும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அந்தப் பட்டியல் முடியும் வரை விளம்பரத்துக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

(தொடரும்)