மூளைக்கு வயது என்ன?

கேமரன் மலையில் உள்ள தேயிலைச் செடி ஒன்றைப் பாருங்கள். அடித்தண்டுக்கு வயது பல பத்தாண்டுகள். நுனியில் நிற்கும் கொழுந்தோ சில நாள்களுக்கு முன்தான் துளிர்த்தது. மனித உடலும் இப்படித்தான். தோலும் இரத்தமும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன. ஆனால் மூளை? "மூளையில் உயிரணு செத்தால் செத்ததுதான்" என்பது நெடுநாளைய எண்ணம். இதை அளந்து பார்க்க வழிகாட்டியது எது தெரியுமா? அணுகுண்டு!

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. இதனால், காற்றில் இயற்கையாகவே சிறிதளவு இருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருள் பெருகியது. 1963 வாக்கில் உலகின் வடபாதியில் அது ஏறக்குறைய இரு மடங்கானது. அவ்வாண்டு தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு கடலும் செடிகொடிகளும் உறிஞ்ச, அதன் அளவு ஆண்டுதோறும் குறைந்து வந்தது.

செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து வளர்கிறது. எனவே 1965இல் துளிர்த்த கொழுந்தில் அவ்வாண்டுக் காற்றின் முத்திரை இருக்கும். நெல்லும் கீரையும் அப்படியே. அவற்றை உண்ணும் மனிதனின் உடலில் புதிய உயிரணு பிறக்கும்போது, அதன் டி.என்.ஏ.வில் அந்த முத்திரை பதிந்துவிடுகிறது. அதுவே அந்த உயிரணுவின் பிறப்புப் பத்திரம்.

சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங், யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் இம்முறையை 2005இல் வெளியிட்டனர். இறந்தவர்களின் மூளைத் திசுக்கள் ஆராயப்பட்டன. பெருமூளையின் மேலடுக்கில் உள்ள நரம்பணுக்களுக்கும் அந்த மனிதருக்கும் ஒரே வயது என 2006இல் தெரிந்தது. ஆனால் நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியில், பெரியவர்களுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்பணுக்கள் பிறப்பதாக 2013இல் கணக்கிட்டனர். வேறு முறையைக் கையாண்ட ஆய்வாளர்கள் 2018இல் இதை மறுத்தனர். விவாதம் இன்னும் ஓயவில்லை.

பக்கவாதம் வந்தவர்களின் மேலடுக்கையும் இதே முறையில் அளந்தார்கள். இழந்த நரம்பணுக்களுக்கு ஈடாகப் புதியவை பிறந்த அடையாளம் அங்கே இல்லை என்று 2014இல் அறிவித்தார்கள். பயிற்சியால் பேச்சும் நடையும் ஓரளவு திரும்பலாம். அது எஞ்சிய நரம்பணுக்கள் வேலையைப் பகிர்ந்துகொள்வதால்தான்.

கவாத்து செய்த தேயிலை மீண்டும் தழைக்கும். மூளையின் மேலடுக்கு அப்படித் தழைப்பதில்லை. ஆகவே, வீட்டில் பெரியவர்களின் இரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.