பெருந்தொற்றுக் கால நேரடி வாக்குப்பதிவு: பாதுகாப்பும் அணுகுதலும்

முன்னுரை

வாக்காளர் பட்டியலில் பெயர் இடம்பெறுவதோடு வாக்குரிமை நிறைவடைவதில்லை. வாக்குச்சாவடியை அடைந்து, அச்சமின்றி வாக்களித்துத் திரும்ப இயலும்போதே அது முழுமை பெறுகிறது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் பாதுகாப்பும் அணுகுதலும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றின. அக்காலத்தில் நடைபெற்ற இரு தேர்தல்களை ஒப்பிடும்போது அம்முரண் உண்மையானதன்று என்பது புலனாகிறது.

சாவடிகளின் எண்ணிக்கை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2020 ஏப்ரல் 7 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. தொற்றச்சத்தால் தேர்தல் பணியாளர்கள் பெருமளவில் விலகியமையால், மில்வாக்கி நகரில் 180 ஆக இருந்த வாக்குச்சாவடிகள் 5 ஆகச் சுருங்கின. எஞ்சிய சாவடிகளில் வாக்காளர்கள் நீண்ட வரிசையில் மணிக்கணக்கில் காத்திருந்தனர். சாவடிகள் குறைந்ததால் அணுகுதல் மட்டுமன்றிப் பாதுகாப்பும் குன்றியது.

தமிழ்நாட்டில் 2021 ஏப்ரல் 6 அன்று 234 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் இதற்கு மாறான வழி பின்பற்றப்பட்டது. ஒரு சாவடிக்குரிய வாக்காளர் உச்சவரம்பு 1,500இலிருந்து 1,000ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் 2016இல் ஏறத்தாழ 66,000ஆக இருந்த சாவடிகள் 88,000க்கும் மேலாகப் பெருகின. வரிசை குறுகியது நோய்த்தடுப்புக்கும், நெடுநேரம் நிற்க இயலாத முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒருங்கே பயன்பட்டது.

இறுதி மணிநேரம்

இந்தியத் தேர்தல் ஆணையம் 2020 ஆகஸ்டு 21 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நுழைவாயிலில் உடல் வெப்பநிலையைக் கணித்தல், ஆறடி இடைவெளியில் வட்டமிடுதல், கையுறை வழங்கல் ஆகியவற்றை வலியுறுத்தின. வெப்பநிலை மிகுந்திருப்பவரைத் திருப்பி அனுப்பிவிடாமல், அடையாளவில்லை கொடுத்து இறுதி மணிநேரத்தில் வரச்செய்தல் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நேரம் மாலை 7 மணிவரை நீட்டிக்கப்பட்டு, கடைசி ஒரு மணிநேரம் தொற்றாளர்களுக்கென ஒதுக்கப்பட்டது.

80 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், தொற்றாளர்கள் ஆகியோர்க்கு அஞ்சல் வாக்கு வாய்ப்பும் இருந்தது. எனினும் அதற்கான 12-டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் அளித்தல் வேண்டும். அறிவிக்கை மார்ச் 12 அன்று வெளியானது. எனவே, மார்ச் மாத இறுதியில் தொற்றுக்கு உள்ளான ஒருவருக்கு அஞ்சல் வாக்கின் வாயில் முன்னரே அடைபட்டிருந்தது. இறுதி மணிநேரம் ஒன்றே அவர் வாக்குரிமைக்கு எஞ்சிய வழியாகும். அவர் பொதுப்போக்குவரத்தைப் பயன்படுத்த இயலாதவர் என்பதையும் கருதினால், ஊர்தி வசதியின்றி ஒதுக்கப்படும் நேரம் ஏட்டளவு உரிமையாகவே நின்றுவிடக்கூடும்.

முடிவுரை

நேரடி வாக்குப்பதிவை அஞ்சல் வாக்கால் முற்றிலும் ஈடுசெய்ய இயலாது. சாவடிகளைப் பெருக்குதல், பணியாளர் விலகலை எதிர்நோக்கி மாற்றுப் பணியாளரை முன்னரே பயிற்றுவித்தல், தொற்றாளர்க்கு நேரத்தோடு ஊர்தியும் வழங்குதல் ஆகிய மூன்றும் இணையும்போதே பாதுகாப்பும் அணுகுதலும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். நோயுற்றமை குடிமகனின் வாக்கைப் பறிக்கும் காரணமாகிவிடாமல் காப்பது தேர்தல் நிருவாகத்தின் அடிப்படைக் கடமையாகும்.